ஊரைப் பார்த்துக் கதவை மூடலாமா?

புதுக்கோட்டை சந்தைப்பேட்டையில் வெள்ளிக்கிழமை தோறும் ஆட்டுச் சந்தை கூடும். பொழுது விடியும் முன்பே வண்டிகள் வந்து நிற்கும். விற்பவர் திருமயத்துக்காரரா, விராலிமலைக்காரரா என்று யாரும் கேட்பது இல்லை. ஆட்டின் பல்லைப் பார்ப்பார்கள். முதுகைத் தடவிப் பார்ப்பார்கள். விலை படிந்தால் பணம் கைமாறும். ஏமாற்றுக்காரன் என்று பெயர் எடுத்தவனிடம் மறுவாரம் யாரும் போக மாட்டார்கள். அதற்காக அவனுடைய ஊர்க்காரர்கள் அத்தனை பேரையும் சந்தையை விட்டு விரட்டவும் மாட்டார்கள்.

இதுதான் சந்தையின் தர்மம். குற்றம் செய்தவனுக்குத் தண்டனை, மற்றவருக்கு வழி.

இப்போது இன்னொரு சந்தை வந்திருக்கிறது. அது செல்போனுக்குள் கூடுகிற சந்தை. அதை ஆன்லைன் சந்தை என்கிறார்கள். அமேசான், இபே, எட்ஸி என்று பல பெயர்களில் அவை நடக்கின்றன. வீட்டுத் திண்ணையில் இருந்தபடியே ஒருவர் தம் சரக்கைப் படம் எடுத்துப் போடலாம். ஆயிரம் மைலுக்கு அப்பால் இருப்பவர் அதைப் பார்த்து வாங்கலாம். நல்ல ஏற்பாடு!

ஆனால், இந்தச் சந்தையின் வாசலில் முதல் கேள்வியே வேறு. "உன் சரக்கு என்ன?" என்று அது கேட்பது இல்லை. "உன் நாடு எது?" என்று கேட்கிறது. சில நாடுகளின் பெயரைச் சொன்னால் கதவு திறக்கும். சில நாடுகளின் பெயரைச் சொன்னால் பாதிக் கதவு திறக்கும். இன்னும் சில நாடுகளின் பெயரைச் சொன்னால் கதவு திறக்கவே திறக்காது.

இது நியாயமா?

எப்படித் தடுக்கிறார்கள்?

கணக்குத் தொடங்கும்போது நாடுகளின் பட்டியல் ஒன்று வரும். அதில் தம் நாட்டின் பெயர் இல்லாவிட்டால் அத்தோடு சரி. பெயர் இருந்தாலும் வாங்க மட்டும் அனுமதி உண்டு, விற்க அனுமதி இல்லை என்று இருக்கலாம். விற்க அனுமதி இருந்தும், பணத்தை எடுக்க வழி இல்லாமல் போகலாம்.

பொய் சொல்லி நுழைந்து விடலாமே என்று சிலர் நினைப்பார்கள். அதுவும் எளிது அல்ல. இணையத்தில் நுழையும் கருவிக்கு ஓர் எண் முகவரி உண்டு. அதைக் கொண்டு எந்த நாட்டில் இருந்து வருகிறார் என்று பெரும்பாலும் கண்டுபிடித்து விடுவார்கள். போதாததற்கு, செல்போன் எண், வங்கிக் கணக்கு, அடையாள அட்டை எல்லாவற்றையும் ஒத்துப் பார்ப்பார்கள்.

கதவு மூடியிருப்பது கூடப் பெரிது அல்ல. ஏன் மூடியிருக்கிறது என்று சொல்ல அங்கே ஆள் இருப்பது இல்லை. "உங்கள் பகுதியில் இந்தச் சேவை இல்லை" என்று ஒரு வரி வரும். கேள்வி கேட்க முடியாது. பதில் சொல்லவும் முடியாது.

கம்பெனிகளின் கட்சி

கம்பெனிகளின் கட்சியையும் கேட்க வேண்டும். ஒரு தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்வது பஞ்சாயத்து ஆகாது.

அவர்கள் சொல்லும் காரணங்கள் நான்கு.

முதலாவது, சட்டம். ஒரு தேசத்தோடு வியாபாரம் கூடாது என்று ஓர் அரசாங்கம் ஆணை போட்டால், அந்த அரசாங்கத்தின் கீழ் இருக்கும் கம்பெனி கீழ்ப்படிந்துதான் ஆக வேண்டும்.

இரண்டாவது, பணம். ஒரு நாட்டின் பணத்தை இன்னொரு நாட்டுக்கு அனுப்ப இரண்டு நாட்டு வங்கிச் சட்டங்களும் இடம் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, மோசடி. திருட்டு அட்டையைக் கொண்டு சாமான் வாங்குவதும், காலிப் பெட்டியை அனுப்பிவிட்டுப் பணத்தைச் சுருட்டுவதும் நடக்கின்றன. நஷ்டம் கம்பெனியின் தலையில் விழுகிறது.

நான்காவது, அனுப்பும் வசதி. தபாலோ கூரியரோ ஒழுங்காகப் போய்ச் சேராத இடத்துக்குச் சரக்கு விற்றால் சண்டைதான் மிஞ்சும்.

இவை நான்கும் மெய்யான காரணங்கள்தான். இவற்றைத் தள்ளிவிட முடியாது. ஆனாலும், காரணம் இருக்கிறது என்பதற்காக எல்லாத் தடையும் நியாயம் ஆகிவிடாது. எது நியாயம், எது அநியாயம் என்று பார்க்க ஓர் எளிய சோதனை உண்டு.

கதவுக்குச் சாவி இருக்கிறதா? அதாவது, "இன்ன காகிதத்தைக் காட்டு, இன்ன நிபந்தனையை நிறைவேற்று, உள்ளே வரலாம்" என்று சொல்கிறார்களா? அப்படியானால் அது பூட்டிய கதவு. நேர்மையானவர் திறந்து கொள்ளலாம். "நீ என்ன செய்தாலும் வர முடியாது, ஏனென்றால் நீ அந்த ஊர்க்காரன்" என்று சொன்னால், அது கதவு அல்ல, சுவர்!

அம்மன் காசு

எல்லைக் கோடு என்ன செய்யும் என்பது புதுக்கோட்டைக்குப் பழகிய விஷயம்.

1948-ஆம் ஆண்டு மார்ச் 3-ஆம் தேதி வரை புதுக்கோட்டை ஒரு தனிச் சமஸ்தானம். தொண்டைமான் மன்னர்கள் ஆண்டார்கள். சுற்றிலும் ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த மாவட்டங்கள். நடுவிலே இந்தச் சிறு நாடு.

சமஸ்தானத்துக்குத் தனி நாணயம் இருந்தது. அதுதான் அம்மன் காசு. சின்னஞ்சிறு செப்புக் காசு. ஒரு பக்கம் பிரகதாம்பாள் உருவம். மறு பக்கம் "விஜய" என்ற எழுத்து. 320 காசு சேர்ந்தால் ஒரு ரூபாய்.

அந்தக் காசு சமஸ்தானத்துக்குள் மதிப்பு உள்ளது. எல்லையைத் தாண்டினால் அது வெறும் செம்பு. காசில் குற்றம் இல்லை. காசை வைத்திருந்தவரிடமும் குற்றம் இல்லை. கோடு ஒன்று குறுக்கே கிடந்தது; அவ்வளவுதான். சரக்கு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அதற்கு உரிய காசு எல்லை தாண்டி வரவேண்டும். வர வழி இல்லையென்றால் வியாபாரம் இல்லை.

மண் உப்பு

இதைவிடக் கசப்பான கதை ஒன்றும் உண்டு. சமஸ்தானத்தில் உவர் மண்ணைச் சுரண்டி, கரைத்து, காய்ச்சி உப்பு எடுத்து வந்தார்கள். ஏழைகளின் தொழில் அது. சுற்றிலும் இருந்த ஆங்கிலேயர் சீமையிலோ உப்புக்கு வரி. புதுக்கோட்டை உப்பு எல்லை தாண்டி வந்தால் தங்கள் வரி வருமானம் குறையுமே என்று ஆங்கிலேய அரசாங்கம் அஞ்சியது.

1887-ஆம் ஆண்டில் உடன்படிக்கை ஆயிற்று. சமஸ்தானத்தில் மண் உப்புக் காய்ச்சுவது நிறுத்தப்பட்டது. அதற்கு ஈடாக ஆங்கிலேய அரசாங்கம் சமஸ்தானத்துக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை கொடுத்தது.

ஈடு யாருக்குப் போயிற்று? தர்பாருக்கு! அடுப்பு அணைந்தது யாருக்கு? உப்புக் காய்ச்சியவனுக்கு!

இரண்டு அரசாங்கங்கள் பேசி முடித்தன. இடையில் தொழில் செய்தவனை யாரும் கேட்கவில்லை. இன்றைக்கும் நாட்டைப் பார்த்துப் போடும் தடைகளில் நடப்பது இதுதான். முடிவு எடுப்பவர்கள் மேலே இருக்கிறார்கள். அடிபடுகிறவர் கீழே இருக்கிறார்.

2010-இல் நடந்தது

இந்தியர்களே அடிபட்ட ஒரு சம்பவத்தைப் பார்க்கலாம்.

பேபால் என்பது இணையத்தின் மூலம் பணம் அனுப்பும் அமெரிக்கக் கம்பெனி. வெளிநாட்டு வாடிக்கைக்காரர்களுக்குச் சாமான் விற்ற பல இந்தியர்கள் அதன் மூலமே பணம் பெற்றார்கள். 2010-ஆம் ஆண்டு பிப்ரவரியில் திடீர் என்று ஒரு தடை வந்தது. இந்தியாவுக்கு வரும், இந்தியாவில் இருந்து போகும் தனிநபர் பணம் நின்றது. கணக்கில் இருந்த பணத்தை இந்திய வங்கிக்கு மாற்றும் வசதியும் சில வாரங்கள் நின்றுபோயிற்று.

ஏன்? அந்தக் கம்பெனி செய்து வந்த பணப் பரிமாற்றம் பற்றி இந்திய ரிசர்வ் வங்கி கேள்வி எழுப்பியது. கேள்வி ரிசர்வ் வங்கிக்கும் கம்பெனிக்கும் இடையே! பணம் மாட்டிக் கொண்டதோ சரக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தவருக்கு.

2011-ஆம் ஆண்டு மார்ச் மாதம் இன்னொரு கட்டுப்பாடு வந்தது. ஒரு விற்பனைக்கு 500 டாலருக்கு மேல் இந்தியர் பெறக் கூடாது என்றார்கள். பிறகு ரிசர்வ் வங்கி அந்த வரம்பைப் படிப்படியாக உயர்த்தியது. 2023-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் தேதி புது விதிகள் வந்தன. நாடு விட்டு நாடு ஆன்லைன் பணம் மாற்றித் தரும் கம்பெனிகள் ரிசர்வ் வங்கியிடம் அனுமதி பெற வேண்டும். ஒரு பொருளுக்கு 25 லட்சம் ரூபாய் வரை பணம் மாற்றலாம் என்று ஆயிற்று.

இதில் பாடம் என்ன? முதலில் சுவர் எழுப்பினார்கள். பிறகு யோசித்து அதில் கதவு வைத்தார்கள், சாவியும் செய்தார்கள். அப்படிச் செய்ய முடியும் என்பது இதனால் தெரிகிறது. கதவு வைக்க முடியும் என்றால், முதலிலேயே வைத்திருக்கலாம் அல்லவா?

கடலுக்கு அந்தப் பக்கம்

புதுக்கோட்டை மாவட்டத்துக் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கரையில் நின்று பார்த்தால் எதிரே பாக் நீரிணை. அதைத் தாண்டினால் யாழ்ப்பாணம். இரு கரையிலும் ஒரே மொழி. ஒரே மாதிரிக் கைத்தொழில்கள்.

ஆனால், இலங்கையில் இருந்தவர்கள் பல ஆண்டுகளாகப் பேபால் மூலம் பணம் அனுப்பலாம், வாங்க முடியாது என்ற நிலை இருந்தது. அதாவது, வெளிநாட்டுச் சாமானை அவர்கள் விலைக்கு வாங்கலாம். தங்கள் சாமானை விற்று அதே வழியில் பணம் பெற முடியாது!

இந்தக் கரையில் இருப்பவர் விற்கலாம். அந்தக் கரையில் இருப்பவர் விற்க முடியாது. இருவருக்கும் நடுவில் என்ன வித்தியாசம்? நேர்மையிலா? உழைப்பிலா? இல்லை. கொஞ்சம் கடல் தண்ணீர்தான்!

வீடு அதே வீடு

இன்னும் விசித்திரமான கதை கருங்கடல் ஓரத்தில் இருக்கும் கிரிமியாவில் நடந்தது. அது உக்ரைன் நாட்டுக்கு உரிய பகுதி. 2014-ஆம் ஆண்டு ரஷ்யா அதைப் பிடித்துத் தன்னோடு சேர்த்துக் கொண்டது. அமெரிக்கா அதைக் கண்டித்து, அந்த ஆண்டு டிசம்பரில் கிரிமியாவோடு வியாபாரம் கூடாது என்று ஆணை போட்டது. 2015-ஆம் ஆண்டு தொடக்கத்தில் பேபால், அமேசான் முதலிய கம்பெனிகள் அங்கே சேவையை நிறுத்தின.

கிரிமியாவில் சுமார் 20 லட்சம் பேர் வாழ்ந்தார்கள். ரஷ்யாவை வரவேற்றவர்களும் அவர்களில் உண்டு. எதிர்த்தவர்களும் உண்டு. இரண்டிலும் சேராமல் தையல் வேலை செய்து பிழைத்தவர்களும் உண்டு. தடை எல்லோர் மேலும் ஒரே மாதிரி விழுந்தது. வீடு அதே வீடு. ஆள் அதே ஆள். கூரைக்கு மேலே பறந்த கொடி மட்டும் மாறியது. எதிர்த்தவரும் தண்டிக்கப்பட்டார்!

படை எடுத்த ஓர் அரசாங்கத்தை உலகம் தண்டிக்க வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். போரைத் தடுக்கத் துப்பாக்கியை விடப் பணத் தடை மேலானது என்பதும் உண்மை. ஆனால், படையை நடத்தியவரும் பின்னல் விற்றவளும் ஒரே பட்டியலில் இருக்கக் கூடாது. அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே சேர்ந்த பணத்தையாவது எடுத்துக் கொள்ள அவகாசம் தர வேண்டும்.

நாமும் செய்கிறோம்

பிறர் செய்வதை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை. இந்தியாவும் இதைச் செய்திருக்கிறது.

2020-ஆம் ஆண்டு ஜூன் 15-ஆம் தேதி கல்வான் பள்ளத்தாக்கில் இந்திய வீரர்கள் 20 பேர் உயிர் இழந்தார்கள். நாடே கொதித்தது. ஜூன் 29-ஆம் தேதி சீனத் தொடர்பு உள்ள 59 செயலிகளுக்கு மத்திய அரசு தடை போட்டது. கிளப் பேக்டரி, ஷீஇன் என்ற ஆன்லைன் கடைகளும் அவற்றில் அடங்கும். நவம்பர் 24-ஆம் தேதி அலிஎக்ஸ்பிரஸ் என்ற பெரிய சந்தையும் தடைப்பட்டது.

நாட்டின் பாதுகாப்பு முதன்மையானது. அதில் இரண்டு கருத்து இல்லை. என்றாலும், கிளப் பேக்டரியில் சரக்கு விற்றவர்களில் இந்தியச் சிறு வியாபாரிகளும் இருந்தார்கள். அவர்களுக்கு வரவேண்டிய பணம் சிக்கிக் கொண்டது என்று அப்போது செய்திகள் வந்தன. எதிரியை நோக்கி எறிந்த கல், பக்கத்து வீட்டு ஓட்டிலும் பட்டது!

தடை போடும் உரிமை அரசாங்கத்துக்கு உண்டு. தடை போடும் அன்றே, "நம்மவர் பணம் அங்கே எவ்வளவு மாட்டியிருக்கிறது? அதை எப்படி மீட்பது?" என்று கேட்கும் கடமையும் அதற்கு உண்டு.

ஓசூரும் பெங்களூரும்

நாட்டின் எல்லை மட்டும் அல்ல, மாநிலத்தின் எல்லையும் ஆன்லைன் சந்தையில் குறுக்கே வருகிறது.

புதுக்கோட்டையில் இருந்து தஞ்சாவூர் போகும் சாலையில் ஆதனக்கோட்டை இருக்கிறது. அங்கே முந்திரிக் கொட்டையை வறுத்து, உடைத்து, சாலை ஓரத்தில் விற்கிறார்கள். பெரும்பாலும் பெண்களின் உழைப்பு. அப்படி ஒரு குடும்பம் உணவுப் பொருளுக்கு உரிய அனுமதி பெற்று, ஆன்லைன் சந்தையில் முந்திரி விற்க நினைக்கிறது என்று வைத்துக் கொள்வோம்.

முன்பெல்லாம் ஜி.எஸ்.டி. பதிவு இல்லாமல் ஆன்லைன் சந்தையில் பொருள் விற்கவே முடியாது. கடைவீதியில் சிறு கடை வைப்பவருக்கு வேண்டாத பதிவு, செல்போனில் கடை வைப்பவருக்கு மட்டும் வேண்டும் என்றார்கள். 2023-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி முதல் இது தளர்ந்தது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய்க்குள் பொருள் விற்பவர், ஜி.எஸ்.டி. பதிவு இல்லாமலே ஆன்லைன் சந்தையில் விற்கலாம். ஆனால், சொந்த மாநிலத்துக்குள் மட்டும்!

ஆகவே, ஆதனக்கோட்டை முந்திரியை ஓசூரில் இருப்பவர் அப்படி வாங்கலாம். அங்கே இருந்து சுமார் 40 கிலோமீட்டர் தள்ளிப் பெங்களூரில் இருப்பவர் வாங்க முடியாது. விற்பவர் அதே ஆள். பருப்பும் அதே பருப்பு.

இந்தத் தடையையும் மேலே சொன்ன சோதனையில் வைத்துப் பார்க்கலாம். இதற்குச் சாவி உண்டா? உண்டு. ஜி.எஸ்.டி. பதிவு செய்து கொண்டால் இந்தியா முழுவதும் விற்கலாம். பதிவுக்குக் கட்டணமும் இல்லை. எனவே, இது சுவர் அல்ல, கதவுதான். ஆனால், சாவி கனமானது. பதிவு செய்தவர் தவறாமல் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். படிப்பு குறைந்த குடும்பங்கள் அதற்கு ஆள் வைத்துப் பணம் கொடுக்க வேண்டியிருக்கிறது. சிறு வியாபாரிக்குச் சிறு சாவி செய்து கொடுப்பது அரசாங்கத்தின் வேலை.

தபாலில் நின்ற சரக்கு

2025-ஆம் ஆண்டு இன்னொரு எல்லைக் கோடு எழுந்தது. அதுவரை அமெரிக்காவுக்கு 800 டாலர் மதிப்பு வரை வரும் சிறு பார்சல்களுக்குச் சுங்க வரி இல்லை. சேலை, வெள்ளி நகை, பொம்மை என்று ஒன்றிரண்டாக அனுப்பிய சிறு வியாபாரிகளுக்கு அது பெரிய உதவியாக இருந்தது.

அமெரிக்கா இந்தச் சலுகையை முதலில் சீனா, ஹாங்காங் சரக்குகளுக்கு மே 2-ஆம் தேதி நிறுத்தியது. ஆகஸ்டு 29-ஆம் தேதி எல்லா நாடுகளுக்கும் நிறுத்தியது. அதே மாதத்தில் இந்தியச் சரக்குகள் பலவற்றுக்கு வரி 50 சதவிகிதம் வரை ஏறியது. வரியை யார் வசூலிப்பது, எப்படிக் கட்டுவது என்பது தெளிவாகாததால், இந்தியத் தபால் துறை ஆகஸ்டு 25 முதல் அமெரிக்காவுக்குப் பார்சல் எடுப்பதை நிறுத்தி வைத்தது. அக்டோபர் 15-ஆம் தேதிதான் மீண்டும் தொடங்கியது.

ஏழு வாரம்! பெரிய கம்பெனிக்கு ஏழு வாரம் ஒரு பொருட்டு அல்ல. தீபாவளிக்கு முந்திய ஏழு வாரம் சிறு வியாபாரிக்கு ஒரு வருஷத்துப் பிழைப்பு. வரி போடுவது ஒரு நாட்டின் உரிமை. ஆனால், வரி எவ்வளவு, எங்கே கட்டுவது என்ற ஏற்பாட்டை முடித்துவிட்டு அல்லவா வாசலை மாற்ற வேண்டும்?

மாமா பெயரில் கணக்கு

இத்தகைய தடைகளில் இன்னொரு கேடும் உண்டு. நேர்மையானவரை அவை பொய் சொல்ல வைக்கின்றன.

புதுக்கோட்டை மாவட்டத்தில் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளில் உறவினர் இல்லாத ஊர் குறைவு. இங்கே இருந்து கணக்குத் தொடங்க முடியாவிட்டால் என்ன தோன்றும்?

"மாமா, உங்க பேர்ல அங்கே ஒரு கணக்குத் தொடங்கிக் கொடுங்க. சாமானை நாங்க அனுப்புறோம். பணம் வந்ததும் எங்களுக்கு மாத்தி விடுங்க."

"அதுக்கென்ன மாப்பிள்ளை, செஞ்சிடலாம்!"

பேச்சு இவ்வளவுதான். கொஞ்ச நாள் வியாபாரம் நடக்கும். ஒரு நாள் கம்பெனிக்குச் சந்தேகம் வரும். கணக்கு ஒரு நாட்டில். அதைத் திறந்து பார்ப்பவர் வேறு நாட்டில். கணக்கை மூடுவார்கள். உள்ளே இருக்கும் பணம் நிற்கும். அங்கே வரி கேட்டால் மாமாதான் பதில் சொல்ல வேண்டும். சம்பந்தம் பகையாகும்.

இதில் ஏமாற்ற நினைத்தவர் யாரும் இல்லை. ஆனால், உண்மையான மோசடிக்காரனோ வாடகைக்கு முகவரி பிடித்து, பொய்க் காகிதம் தயாரித்து, எந்த நாட்டுப் பெயரிலும் நுழைந்து விடுகிறான். நாட்டைப் பார்த்துப் போட்ட வேலி, திருடனை விட்டுவிட்டு அப்பாவியின் வேட்டியைக் கிழிக்கிறது!

கூட்டத்துக்குத் தண்டனை

சிலர் செய்த குற்றத்துக்காக ஒரு கூட்டம் முழுவதையும் சந்தேகிப்பது எங்கே கொண்டு போய்விடும் என்பதைத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது.

1871-ஆம் ஆண்டு ஆங்கிலேய அரசாங்கம் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டு வந்தது. பிறகு அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறிப்பிட்ட சாதியில் பிறந்தவர் என்பதற்காகவே கைரேகை பதிய வேண்டும், இரவில் போலீசில் ஆஜராக வேண்டும் என்றார்கள். அதை எதிர்த்த உசிலம்பட்டி வட்டாரத்துப் பெருங்காமநல்லூர் மக்கள் மேல் 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி துப்பாக்கிச் சூடு நடந்தது. சுதந்திரத்துக்குப் பிறகே, 1952-ஆம் ஆண்டில், அந்தச் சட்டம் இந்தியா முழுவதும் ஒழிந்தது.

செல்போன் சந்தையில் கணக்கு மறுப்பதும் அந்தக் கொடுமையும் ஒன்று அல்ல. ஒன்றாக்கிப் பேசுவது தவறு. ஆனால், இரண்டுக்கும் வேர் ஒன்று. "நீ என்ன செய்தாய்?" என்று கேட்காமல், "நீ யாரைச் சேர்ந்தவன்?" என்று கேட்பதுதான் அந்த வேர். சட்டப் புத்தகத்தில் இருந்து பிடுங்கிய அந்த வேரைக் கம்ப்யூட்டரில் நட்டு வளர்க்கலாமா?

வழி இருக்கிறது

மோசடியைத் தடுக்க வேறு வழியே இல்லையா? இருக்கிறது.

புதிதாக வருபவரின் அடையாளத்தையும் வங்கிக் கணக்கையும் சரிபார்க்கலாம். முதல் சில விற்பனைகளின் பணத்தை, சரக்கு போய்ச் சேரும் வரை நிறுத்தி வைக்கலாம். தொடக்கத்தில் கொஞ்சம் விற்க விட்டு, நல்ல பெயர் எடுக்க எடுக்க வரம்பை உயர்த்தலாம். ஆளைப் பார்க்கும் முறைகள் இவை. கொஞ்சம் செலவு ஆகும். ஆனால், செலவு மிச்சம் என்பதற்காக ஒரு தேசத்தையே வெளியே நிறுத்துவது சோம்பேறித்தனம்.

சட்டத்தின் வழியும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2018-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் தேதி ஒரு விதியை நடைமுறைக்குக் கொண்டு வந்தது. அந்த ஒன்றியத்துக்குள் ஒரு வாடிக்கைக்காரர் எந்த நாட்டவர் என்பதைக் காட்டி, தக்க காரணம் இல்லாமல் அவரைத் தடுக்கக் கூடாது என்பதே அது. 2020-ஆம் ஆண்டு ஜூலை 12-ஆம் தேதி இன்னொரு விதியும் வந்தது. ஆன்லைன் சந்தை ஒரு வியாபாரியைத் தடுத்தால் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும். அடியோடு நீக்குவதானால், பொதுவாக 30 நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும்.

இந்தியாவிலும் 2020-ஆம் ஆண்டு ஜூலையில் மின்வணிக விதிகள் வந்தன. ஆன்லைன் கம்பெனி குறை கேட்க ஓர் அதிகாரியை வைக்க வேண்டும். நுகர்வோர் புகாரை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக் கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். வியாபாரிகளை வேறு வேறு விதமாக நடத்தினால் அதை நிபந்தனைகளில் விளக்க வேண்டும். நல்ல தொடக்கம். ஆனால், வாங்குபவருக்கு இருக்கும் அளவு பாதுகாப்பு, விற்கும் ஏழைக்கு இன்னும் வரவில்லை.

ஆகவே, கேட்க வேண்டியவை மூன்று.

ஒன்று: ஒரு நாட்டவரைத் தடுத்தால், எந்தச் சட்டத்தால், எந்தக் காரணத்தால் என்று அவருக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும்.

இரண்டு: தடை வந்த நாளுக்கு முன்பு உழைத்துச் சேர்த்த பணம் அவருடையது. அதை எடுத்துக் கொள்ள வழியும் அவகாசமும் தர வேண்டும். சட்டம் குறுக்கே நின்றால், அது விலகும் வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

மூன்று: அரசாங்க ஆணை கட்டாயப்படுத்தும் இடம் தவிர, மற்ற எல்லாத் தடைக்கும் ஒரு சாவி வைக்க வேண்டும். "நான் நேர்மையானவன், இதோ என் காகிதம்" என்று காட்ட ஒரு வாய்ப்புத் தர வேண்டும்.

குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை

இந்த மூன்றும் நாளைக்கே வந்துவிடாது. அதுவரை, ஆன்லைன் சந்தையில் இறங்கும் குடும்பங்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். சரக்கு வாங்கிக் குவிக்கும் முன்பு, இந்தியாவில் இருந்து விற்கலாமா, பணம் எந்த வழியில் வரும் என்று கேட்டுத் தெரிந்து கொள்ள வேண்டும். பிறர் பெயரில் கணக்குத் தொடங்க வேண்டாம். வந்த பணத்தைக் கணக்கிலேயே தேங்க விடாமல் அவ்வப்போது வங்கிக்கு மாற்றிக் கொள்ள வேண்டும். ஒரே சந்தையை நம்பி இருக்க வேண்டாம்.

பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். "அந்த நாட்டுக்காரர்கள் எல்லோருமே இப்படித்தான்" என்று யாராவது சொன்னால், "எல்லோரையும் பார்த்தாயா?" என்று திருப்பிக் கேட்கப் பழக வேண்டும். பிறரை அப்படி எடை போடாத சமூகம்தான், தன்னை அப்படி எடை போடாதே என்று உலகத்தைக் கேட்க முடியும்.

எந்த நாட்டில் பிறப்பது என்பது யார் கையிலும் இல்லை. நேர்மையாக நடப்பது அவரவர் கையில் இருக்கிறது. கையில் இருப்பதைப் பார்த்து மதிப்புப் போடுவதே நியாயம்.